நெட் நியூட்ராலிட்டி விதி யாருடைய கையைக் கட்டுகிறது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. 2025 ஜனவரியில் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று நெட் நியூட்ராலிட்டி விதிகளை, அதாவது இணைப்புத் தரும் நிறுவனம் எல்லாத் தளங்களையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்ற விதிகளை, ரத்து செய்துவிட்டதாகப் படித்தீர்கள். இந்தியாவில் அந்த விதி இன்னும் இருக்கிறதா? இருந்தால் ரீசார்ஜோடு ஹாட்ஸ்டார் இலவசம் என்று எப்படி விற்கிறார்கள்? உங்கள் வீட்டு பிராட்பேண்டில் யூடியூப் தடையில்லாமல் ஓடும்போது ஆபீஸ் வீடியோ கால் மட்டும் திணறுகிறதே, அது விதிமீறலா? இவற்றுக்குப் பிறகு, போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: அரசாங்கம் இணையத்துக்கு விதி போட ஆரம்பித்தால், கடைசியில் அரசாங்கம் காட்டுவதைத்தானே பார்க்க முடியும்? உங்கள் உண்மையான கேள்வி அதுதான் என்று எனக்குப் படுகிறது. மற்றவற்றுக்கும் பதில் சொல்கிறேன், ஆனால் அந்தக் கடைசி வரியை மனதில் வைத்துக்கொண்டே சொல்கிறேன்.

நான் பல வருடங்களாக இணையச் சேவை நிறுவனங்களின் நெட்வொர்க் பிரிவில் வேலை பார்த்தவன். ரவுட்டர், பியரிங் (ஒரு நெட்வொர்க்கை இன்னொன்றோடு இணைப்பது), டிராஃபிக் மேலாண்மை இவையெல்லாம் என் தொழில். சட்டம் என் தொழில் இல்லை. இந்த வேலையில் இருப்பவர்கள் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் விதிகளைப் படித்தே ஆக வேண்டும் என்பதால் படித்தவன். அதனால் கருவிகள் எப்படி வேலை செய்கின்றன என்று சொல்லும் இடங்களில் என்னை நம்பலாம். நீதிமன்றத்தில் எது நிற்கும் என்று நான் சொன்னால், அதை ஒரு வழக்கறிஞரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் கொள்கை. உங்களுக்கு இணைப்புத் தரும் நிறுவனம், அந்த இணைப்பின் வழியாக நீங்கள் எதைப் பார்க்கிறீர்கள் என்பதை வைத்து வேகத்தையோ கட்டணத்தையோ மாற்றக் கூடாது. ஒன்றைத் தடுத்து இன்னொன்றை விடக் கூடாது. இதை விளக்க எல்லோரும் மின்சாரத்தை உதாரணம் காட்டுவார்கள்: எந்தக் கம்பெனி மிக்ஸி ஓடுகிறது என்று மின்வாரியம் கேட்பதில்லை. சரிதான், ஆனால் அதே மின்வாரியம் வீட்டுக்கு ஒரு கட்டணம், கடைக்கு ஒரு கட்டணம், தொழிற்சாலைக்கு ஒரு கட்டணம் வாங்குகிறது. ஆக, வேறுபாடு என்பதே தவறு என்று யாரும் சொல்லவில்லை. வாடிக்கையாளர் எந்த வகை, எவ்வளவு பயன்படுத்துகிறார், எவ்வளவு வேகம் கேட்கிறார் என்று பார்த்து விலை வைக்கலாம். 40 எம்பிபிஎஸ் ஒரு விலை, 300 எம்பிபிஎஸ் ஒரு விலை என்பதில் ஒரு தவறும் இல்லை. மறுமுனையில் இருக்கும் கம்பெனி யார் என்று பார்த்து விலையும் வேகமும் மாறுவதுதான் பிரச்சினை.

இது வெறும் கற்பனைப் பயம் என்று சொல்கிறவர்கள் உண்டு. நடந்த கதைகளே போதும். 2005-ல் அமெரிக்காவின் வட கரோலினாவில் மேடிசன் ரிவர் என்ற சிறிய தொலைபேசி நிறுவனம், இணையம் வழியாகப் பேசும் வோனேஜ் சேவையைத் தடுத்தது. காரணம் வெளிப்படை: அந்த நிறுவனம் விற்றதே தொலைபேசி இணைப்பு. அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி தலையிட்டு, 15,000 டாலர் கட்ட வைத்துத் தடுப்பை நிறுத்தியது. 2007-ல் காம்காஸ்ட் என்ற இணையச் சேவை நிறுவனம், கோப்புகளைப் பகிரும் பிட்டோரன்ட் முறையைப் பயன்படுத்தியவர்களின் இணைப்புகளை வெட்டியது. அதைச் செய்த விதம்தான் என்னைப் போன்றவர்களை அதிர வைத்தது. இரண்டு கணினிகள் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் இருக்கும் கருவி, ‘நான் துண்டிக்கிறேன்’ என்ற செய்தியை ஒருவர் அனுப்பியதைப் போலவே போலியாக உருவாக்கி மற்றவருக்கு அனுப்பியது. வெளியிலிருந்து பார்த்தால் எதிர்முனைதான் வெட்டிக்கொண்டதாகத் தோன்றும். அசோசியேட்டட் பிரஸ் செய்தியாளர்கள் கிங் ஜேம்ஸ் பைபிளை பிட்டோரன்டில் ஏற்றிப் பார்த்துத்தான் இதை உறுதிப்படுத்தினார்கள். பதிப்புரிமைச் சிக்கல் எதுவும் இல்லாத ஒரு கோப்பே போகவில்லை.

அதே சமயம், மீறல் என்று சொல்லப்படுவதெல்லாம் மீறல் இல்லை. 2018-ல் கலிஃபோர்னியா காட்டுத்தீயின்போது சான்டா கிளாரா மாவட்டத் தீயணைப்புத் துறையின் இணைப்பை வெரைசன் மிகவும் மெதுவாக்கிவிட்டது. அந்தச் சம்பவம் இன்றுவரை இந்த விவாதத்தில் எடுத்துக்காட்டாக வருகிறது. உண்மையில் அவர்கள் திட்டத்தின் டேட்டா வரம்பு தாண்டியதால் எல்லாமே மெதுவானது. எந்தத் தளம் என்று பார்த்து மெதுவாக்கவில்லை. அவசரக் காலத்தில் வரம்பைத் தூக்காதது தங்கள் தவறு என்று வெரைசன் ஒப்புக்கொண்டது. கொடுமையான நிகழ்வுதான், ஆனால் நாம் பேசும் விதி இருந்திருந்தாலும் அந்த வேகக் குறைப்பை அது நேரடியாகத் தடுத்திருக்காது. அதுபோல நெரிசல் நேரத்தில் எல்லோருக்கும் பொதுவாக வேகம் குறைவது, வைரஸ் தாக்குதலை வடிகட்டுவது, குரல் அழைப்பின் டேட்டாவுக்குக் கோப்புப் பதிவிறக்கத்தைவிட முன்னுரிமை கொடுப்பது, இவை எல்லாம் ஒரு நெட்வொர்க்கை ஓட்டுவதற்குத் தேவையானவை. எந்தக் கம்பெனியின் குரல் அழைப்பு என்று பார்க்காமல் எல்லாக் குரல் அழைப்புக்கும் ஒரே மாதிரி செய்தால் பிரச்சினை இல்லை. தன் செயலிக்கு மட்டும் செய்தால் பிரச்சினை.

இனி அமெரிக்கத் தீர்ப்பு. நெட் நியூட்ராலிட்டி நல்லதா கெட்டதா என்று அந்த நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதாகப் பலர் நினைக்கிறார்கள். அது சொன்னது வேறு. அமெரிக்கச் சட்டத்தில் இரண்டு பெட்டிகள் இருக்கின்றன. தொலைபேசி போல வெறும் கடத்தல் சேவை ஒரு பெட்டி; அதற்குக் கடுமையான விதிகள் போடலாம். தகவல் சேவை இன்னொரு பெட்டி. அதற்கு விதிகள் மிகக் குறைவு. பிராட்பேண்ட் எந்தப் பெட்டி? இதுதான் இருபது வருடச் சண்டை. 2010-ல் எஃப்சிசி போட்ட விதிகளின் முக்கியமான பகுதிகளை 2014 ஜனவரியில் நீதிமன்றம் நீக்கியது: நீங்களே பிராட்பேண்டை இரண்டாவது பெட்டியில் வைத்துவிட்டு முதல் பெட்டியின் விதியைப் போடுகிறீர்களே என்று. 2015 பிப்ரவரியில் டாம் வீலர் தலைமையில் எஃப்சிசி அதை முதல் பெட்டிக்கு மாற்றியது. 2017 டிசம்பரில் அஜித் பை தலைமையில் திருப்பி மாற்றியது. 2024 ஏப்ரலில் மறுபடி முதல் பெட்டி. மூன்று முறையும் வாக்கு 3-க்கு 2. மூன்று முறையும் ஆட்சியில் இருந்த கட்சியின் பக்கம். 2025 ஜனவரி 2-ஆம் தேதி ஆறாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது இதுதான்: சட்டத்தின் சொற்களை எங்கள் பார்வையில் படித்தால் பிராட்பேண்ட் தகவல் சேவை, ஆணையத்தின் விளக்கத்தை நாங்கள் ஏற்க வேண்டிய கட்டாயம் இனி இல்லை. அந்தக் கட்டாயத்தை அதற்கு முந்தைய ஜூனில்தான் உச்ச நீதிமன்றம் லோப்பர் பிரைட் வழக்கில் நீக்கியிருந்தது.

ஆக அங்கே விழுந்ததற்குக் காரணம், நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒரு தெளிவான சட்டம் இயற்றாமல் ஐந்து பேர் கொண்ட ஆணையத்தின் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிட்டதுதான். கலிஃபோர்னியா மாநிலம் 2018-ல் சட்டமன்றத்தில் தனிச் சட்டமாகவே இயற்றியது. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் அதை எதிர்த்து நீதிமன்றம் போனபோது, 2022-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதற்குத் தடை விதிக்க மறுத்துவிட்டது. மத்திய விதி விழுந்த பிறகும் அது நடைமுறையில் இருக்கிறது. சட்டமாக எழுதியது நின்றது, ஆணையத்தின் உத்தரவு விழுந்தது. இதை நினைவில் வையுங்கள், இந்தியாவுக்கு வரும்போது தேவைப்படும்.

அமெரிக்க விவாதத்திலிருந்து இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பொதுமக்கள் கருத்து என்று சொல்லப்படுவதை நான் அதற்குப் பிறகு வேறு கண்ணோடுதான் பார்க்கிறேன். 2017-ல் விதியை நீக்குவது பற்றி எஃப்சிசிக்கு 2.2 கோடிக்கு மேல் கருத்துகள் வந்தன. அவற்றில் ஏறத்தாழ 1.8 கோடி பொய்யானவை என்று நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் 2021-ல் அறிக்கை வெளியிட்டது. சுமார் 85 லட்சம், விதியை நீக்கச் சொல்லி பிராட்பேண்ட் நிறுவனங்கள் பணம் கொடுத்து நடத்திய பிரச்சாரத்தில் வந்தவை. பல உண்மையான மனிதர்களின் பெயர்கள் அவர்களுக்கே தெரியாமல் பயன்படுத்தப்பட்டிருந்தன. விதியை ஆதரித்த பக்கத்தில் 19 வயதுக் கல்லூரி மாணவர் ஒருவர் மட்டும் 77 லட்சம் போலிக் கருத்துகளை நிரல் எழுதி அனுப்பியிருந்தார். இரண்டு பக்கமும் செய்தார்கள்.

இந்தியாவின் கதை இதைவிட எனக்கு நெருக்கமானது. 2014 டிசம்பரில் ஏர்டெல், ஸ்கைப், வைபர் போன்ற இணைய அழைப்புகளுக்குத் தனிக் கட்டணம் என்று அறிவித்தது; எதிர்ப்பு கிளம்பிச் சில நாட்களிலேயே அதை நிறுத்தி வைத்தது. 2015 மார்ச்சில் ட்ராய் 118 பக்கத்தில் ஓர் ஆலோசனைத் தாள் வெளியிட்டது. வாட்ஸ்அப், ஸ்கைப் போன்ற சேவைகளுக்கு உரிமம் வேண்டுமா, அவை தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்குப் பணம் தர வேண்டுமா என்ற ரீதியில் 20 கேள்விகள். இந்த மாதிரித் தாள்களை அதுவரை தொழிலில் இருப்பவர்கள் மட்டும்தான் படிப்போம். தன்னார்வலர்கள் சிலர் சேர்ந்து ஒரு தளம் தொடங்கி, கேள்விகளை எளிமையாக்கி, பதில் அனுப்ப வழி செய்தார்கள். சில வாரங்களுக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் ட்ராய்க்குப் போயின. அந்த ஏப்ரலில் ஏர்டெல் ஜீரோ என்ற திட்டம் வந்தது: செயலி நடத்தும் கம்பெனி பணம் கட்டினால் பயனருக்கு அந்தச் செயலியின் டேட்டா இலவசம். அதில் சேரப் பேசிக்கொண்டிருந்த ஃபிளிப்கார்ட், எதிர்ப்பைப் பார்த்து விலகியது.

பெரிய சண்டை ஃபேஸ்புக்கோடு நடந்தது. 2015 பிப்ரவரியில் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸோடு சேர்ந்து இன்டர்நெட் டாட் ஓஆர்ஜி என்ற பெயரில் ஓர் இலவசச் சேவையை ஆறு மாநிலங்களில் தொடங்கினார்கள். தமிழ்நாடு அதில் ஒன்று, சேவையும் தமிழில் கிடைத்தது. தேர்ந்தெடுத்த சில தளங்கள் மட்டும் இலவசம், ஃபேஸ்புக் உட்பட. பின்னால் ஃப்ரீ பேசிக்ஸ் என்று பெயரை மாற்றினார்கள். ஏழைகளுக்கு எதுவுமே இல்லாததைவிட இது மேல் அல்லவா என்ற வாதத்தை நான் இன்றும் இலேசாகத் தள்ள மாட்டேன். மாதம் ஐம்பது ரூபாய் டேட்டாவுக்கு யோசிக்கிற வீடுகளைப் பார்த்தவர்களுக்கு அது நியாயமாகவே படும். ஆனால் தொழில்நுட்பமாகப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. அந்தத் தளங்களுக்கான போக்குவரத்து முழுவதும் ஃபேஸ்புக்கின் ப்ராக்ஸி, அதாவது நடுவில் நிற்கும் சர்வர் வழியாகத்தான் போகும். எந்தத் தளம் உள்ளே வரலாம் என்பதற்கான விதிமுறையை எழுதுவதும் மாற்றுவதும் ஃபேஸ்புக்தான். மதுரையில் ஒருவர் ஒரு விவசாய விலைத் தளம் தொடங்கினால், தன் வாசகரை அடைய ஒரு போட்டி நிறுவனத்தின் நிபந்தனைக்கு இணங்க வேண்டும் என்று ஆகியிருக்கும். இணையத்தின் பலமே, யாரிடமும் அனுமதி கேட்காமல் ஒரு சர்வரை வைத்து அடுத்த நிமிடம் உலகத்துக்குக் காட்டலாம் என்பது. அதை விட்டுக்கொடுக்கும் விலைக்கு அந்த இலவசம் தகாது என்பது என் முடிவு, அப்போதும் இப்போதும்.

2016 பிப்ரவரி 8 அன்று ட்ராய் ஒழுங்குமுறை வெளியிட்டது. உள்ளடக்கத்தை வைத்து டேட்டாவுக்கு வேறு வேறு கட்டணம் வைக்கக் கூடாது. மீறினால் நாளுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம். அவசரச் சேவைகளுக்கு விலக்கு. மூன்று நாளில் ஃபேஸ்புக் இந்தியாவில் அந்தத் திட்டத்தை மூடியது. இது கட்டணத்தை மட்டுமே கட்டுப்படுத்தியது. வேகம், தடுப்பு பற்றிய பகுதி 2017 நவம்பரில் பரிந்துரையாக வந்து, 2018 ஜூலையில் தொலைத்தொடர்புத் துறையின் ஒப்புதல் பெற்று, நிறுவனங்களின் உரிம நிபந்தனையாகவே சேர்க்கப்பட்டது. தடுத்தல், தரத்தைக் குறைத்தல், மெதுவாக்கல், ஒருவருக்கு மட்டும் கூடுதல் வேகம் தருதல் எல்லாம் அதில் தடை. ஆக, உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: ஆம், இந்தியாவில் விதி இருக்கிறது, எழுத்தில் அது உலகின் கடுமையான விதிகளில் ஒன்று. அமெரிக்கத் தீர்ப்பு அதை ஒன்றும் செய்யாது.

ஹாட்ஸ்டார் கதைக்கு வருகிறேன். ரீசார்ஜோடு தருவது சந்தா, டேட்டா இல்லை. நீங்கள் அதில் படம் பார்த்தால் உங்கள் தினசரி 1.5 ஜிபியிலிருந்துதான் கழிகிறது, யூடியூப் பார்த்தால் கழிவது போலவே. ஆகவே எழுத்தின்படி மீறல் இல்லை. ஹாட்ஸ்டாருக்கு டேட்டா கழியாது என்றால் அது மீறல். ஆனால் எழுத்தோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனமில்லை. இணைப்பைத் தரும் குழுமமே நாட்டின் மிகப் பெரிய ஸ்ட்ரீமிங் சேவையிலும் பெரும்பங்கு வைத்திருக்கும்போது, புதிதாக வரும் ஒரு சிறிய ஓடிடி எதை வைத்துப் போட்டியிடும்? இதைக் கேட்க வேண்டியது போட்டி ஆணையம். நெட் நியூட்ராலிட்டி விதியை எவ்வளவு நீட்டினாலும் இந்த இடத்துக்கு எட்டாது. கூடவே 2016 ஒழுங்குமுறையில் பொது இணையத்துக்குப் போகாத, நிறுவனத்தின் சொந்த மூடிய நெட்வொர்க்குக்கு ஒரு விலக்கு இருக்கிறது. ஏய்ப்பதற்காக அதைப் பயன்படுத்தினால் தடை பொருந்தும் என்றும் எழுதியிருக்கிறார்கள். எது ஏய்ப்பு என்று சொல்வதுதான் கஷ்டம். இலங்கையில் இருந்து படிப்பவர்களுக்கு இந்த விளக்கமே விசித்திரமாக இருக்கும். அங்கே வாட்ஸ்அப்புக்குத் தனி, யூடியூப்புக்குத் தனி என்று டேட்டா பேக்கேஜ் வாங்குவது சாதாரணம்.

விதி தொடாத இன்னொரு பெரிய இடம் பியரிங். நீங்கள் பார்க்கும் வீடியோ, அதை அனுப்பும் கம்பெனியின் நெட்வொர்க்கிலிருந்து உங்களுக்கு இணைப்புத் தரும் நிறுவனத்தின் நெட்வொர்க்குக்கு ஏதோ ஓரிடத்தில் கைமாற வேண்டும். அந்த இணைப்பு நிரம்பி வழியும்போது அதைப் பெரிதாக்காமல் சும்மா இருந்தாலே போதும். யாரும் எதையும் மெதுவாக்கவில்லை, ஆனால் மெதுவாகத்தான் வரும். 2014-ல் நெட்ஃபிளிக்ஸ் அமெரிக்காவில் காம்காஸ்டுக்குப் பணம் கொடுத்து நேரடி இணைப்பு வாங்கியது இப்படி ஒரு நெரிசலுக்குப் பிறகுதான். யார் மீது தவறு என்பதில் இரு தரப்பும் வேறு வேறு கணக்குக் காட்டின. இரண்டு நிறுவனங்களின் உள் தகவலும் இல்லாமல் வெளியிலிருந்து தீர்ப்புச் சொல்ல முடியாத விஷயம் அது. இந்தியாவிலும் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் சங்கம், பெரிய செயலிகள் நெட்வொர்க் செலவில் பங்கு தர வேண்டும் என்று சில வருடங்களாகக் கேட்டு வருகிறது. இந்தக் கோரிக்கையை நான் எதிர்க்கிறேன். அந்த டேட்டாவைக் கேட்பவர் நீங்கள். அதற்குப் பணமும் நீங்கள் கட்டிவிட்டீர்கள். தென் கொரியாவில் இந்த மாதிரிக் கட்டணமுறை இருக்கிறது. அங்கே நெட்வொர்க் செலவு மற்ற நாடுகளைப் போலப் பத்து மடங்கு என்று சொல்லி ட்விட்ச் 2024 பிப்ரவரியில் அந்த நாட்டைவிட்டே போனது. நெட்ஃபிளிக்ஸ் அளவுள்ள கம்பெனி சமாளிக்கும். சிறியவர்களால் முடியாது.

சர்ச்சைக்கு இடமான ஒன்றையும் சொல்கிறேன். ஏர்டெலும் வோடஃபோன் ஐடியாவும் அதிகம் கட்டும் போஸ்ட்பெய்ட் வாடிக்கையாளர்களுக்கு 4ஜியில் முன்னுரிமை என்று திட்டம் கொண்டுவந்தன. 2020-ல் ட்ராய் நிறுத்தி வைக்கச் சொன்னது, விவகாரம் தொலைத்தொடர்புத் தீர்ப்பாயம் வரை போனது. இது தளத்தைப் பார்த்து வேறுபடுத்துவது இல்லை, ஆளைப் பார்த்து வேறுபடுத்துவது. நெட் நியூட்ராலிட்டியின் கண்டிப்பான பொருளில் இது வராது என்பது ஒரு வாதம். ஆனால் ஒரு டவரின் கொள்ளளவு ஒன்றுதான்; ஒருவருக்கு முன்னுரிமை தந்தால் பக்கத்தில் இருப்பவருக்கு அந்த அளவு குறையும். ஒரே நெட்வொர்க்கைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்துத் தரும் 5ஜி ஸ்லைசிங் பரவும்போது இதே கேள்வி பெரிதாக வரும், இப்போதைய விதி அதற்குத் தெளிவான பதில் வைத்திருக்கவில்லை.

இப்போது உங்கள் கடைசி வரி. அரசு விதி போட்டால் அரசின் கட்டுப்பாடு வந்துவிடாதா? மேலே சொன்ன விதி எதையாவது பாருங்கள்: ஒவ்வொன்றும் நிறுவனத்திடம் ‘நீ இதைச் செய்யாதே’ என்று சொல்கிறது. எந்தத் தளத்தை நீங்கள் பார்க்கலாம் என்று ஒரு வரிகூட அதில் இல்லை. ஒரு தளத்தை அரசு தடுப்பது வேறு சட்டங்களின் வழியாக நடக்கிறது: தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு, இணைய முடக்கத்துக்கான விதிகள், 2023-ன் தொலைத்தொடர்புச் சட்டம். நெட் நியூட்ராலிட்டி விதியை நாளைக்கே எடுத்துவிட்டாலும் இவற்றில் ஒன்றுகூடக் குறையாது. ஆகவே அரசைப் பற்றிய பயத்தால் இந்த விதியை எதிர்ப்பது, இருக்கிற பாதுகாப்பையும் விட்டுவிடுவதில்தான் முடியும்.

ஆனால் உங்கள் பயம் வெற்றுப் பயம் இல்லை. 2018 மே மாதம் ஸ்டெர்லைட் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையம் துண்டிக்கப்பட்டது நமக்கெல்லாம் நினைவிருக்கும். ஒரு ஊரே தன் உறவினர் உயிரோடு இருக்கிறாரா என்று தேடிக்கொண்டிருந்த நாட்கள் அவை. காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் துண்டித்த இணையத்தை 2020 ஜனவரியில் திருப்பித் தந்தபோது, 2ஜி வேகத்தில், அரசு தயாரித்த பட்டியலில் இருந்த சில நூறு தளங்களுக்கு மட்டும் தந்தார்கள். பட்டியலில் இல்லாதது திறக்காது. 4ஜி திரும்ப 2021 பிப்ரவரி ஆனது. ஒரு நிறுவனம் இதைச் செய்திருந்தால் உரிமமே போயிருக்கும். ஃப்ரீ பேசிக்ஸில் எதை எதிர்த்தார்களோ, அதைவிடப் பல மடங்கு இறுக்கமான ஒன்றை அரசே செய்தது, நெட் நியூட்ராலிட்டி விதி நடைமுறையில் இருந்த நாட்டில். 2020 ஜனவரியில் அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம், முடக்க உத்தரவுகளை வெளியிட வேண்டும், காலவரையின்றி முடக்கக் கூடாது என்றது. நடைமுறையில் பல உத்தரவுகள் இன்றும் வெளியாவதில்லை. 69ஏ-வின் கீழ் வரும் தடை உத்தரவுகளை ரகசியமாக வைக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. தடுக்கப்பட்ட தளத்துக்காரருக்கே பல நேரம் காரணம் கிடைக்காது. நிறுவனத்தின் கையைக் கட்டிய அதே உறுதியோடு அரசின் கையையும் கட்டும் ஒரு விதி நமக்கு இல்லை. என் வருத்தம் அங்கேதான்.

இன்னொரு பலவீனமும் இருக்கிறது. அமெரிக்கக் கதையில் நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். நம் விதியும் ஆணையத்தின் ஒழுங்குமுறையிலும் உரிம நிபந்தனையிலும்தான் நிற்கிறது. 2023 சட்டத்தில் இதற்கென்று தனிப் பிரிவு எழுதப்படவில்லை. உரிம நிபந்தனையை மாற்ற நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. இங்கே இதுவரை அரசு அதை நீக்காததால் பிரச்சினை வரவில்லை. சட்டமாக எழுதிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இரண்டு பக்கமும் அடித்துச் சொல்லும் சில விஷயங்கள் நிரூபணம் ஆகாதவை. விதி இருந்தால் நிறுவனங்கள் முதலீடு செய்யாது என்பார்கள். அமெரிக்காவின் 2015-க்கு முன், பின் கணக்குகளை வைத்து இரு தரப்புப் பொருளாதார அறிஞர்களும் எதிரெதிர் முடிவுக்கு வந்திருக்கிறார்கள். முதலீடு வட்டி விகிதம், போட்டி, 4ஜி, 5ஜி சுழற்சி என்று பலவற்றைப் பொறுத்தது. ஒரு விதியின் பங்கைத் தனியாகப் பிரிப்பது மிகக் கடினம். மறுபக்கம், 2017-ல் விதி போனால் இணையமே முடிந்தது என்றார்கள், அப்படி நடக்கவில்லை. கலிஃபோர்னியா போன்ற மாநிலச் சட்டங்களும் பொதுமக்களின் கண்காணிப்பும் தடுத்தனவா, நிறுவனங்களுக்கே ஆர்வம் இல்லையா என்பதற்கு இரண்டு விளக்கமும் பொருந்தும். இந்தியாவில் ஃப்ரீ பேசிக்ஸைத் தடுத்ததால்தான் இணையம் பரவியது என்று சொல்வதும் மிகை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலையை உடைத்ததுதான் பெரிய காரணம். போட்டி இருந்தபோது விலை குறைந்தது. இன்று சந்தையின் பெரும்பகுதி இரண்டு நிறுவனங்களின் கையில் இருக்கிறது. அதனால்தான் விதி முன்பைவிட இப்போது அதிகம் தேவைப்படுகிறது என்று நினைக்கிறேன்.

கடைசியாக உங்கள் வீடியோ கால். பெரும்பாலும் இது மீறலாக இருக்காது. யூடியூப் வீடியோ, உங்கள் பிராட்பேண்ட் நிறுவனத்தின் கட்டடத்துக்குள்ளேயே கூகுள் வைத்திருக்கும் கேஷ் சர்வரிலிருந்து, அதாவது வீடியோக்களின் நகலை வைத்திருக்கும் கருவியிலிருந்து வரக்கூடும். அதோடு பல விநாடிகளுக்கு முன்னதாகவே இறங்கிக் காத்திருக்கும், நடுவில் சின்னத் தடங்கல் வந்தால் உங்களுக்குத் தெரியாது. வீடியோ கால் அந்த நொடியில் இரண்டு பக்கமும் போய் வர வேண்டும், அப்லோடும் சீராக இருக்க வேண்டும், சர்வர் வேறு நகரத்திலோ நாட்டிலோ இருக்கலாம். வீட்டில் ஒருவர் ஃபோட்டோக்களை கிளவுடில் ஏற்றிக்கொண்டிருந்தாலே போதும், கால் திணறும். முதலில் வைஃபையை விட்டுவிட்டு லேப்டாப்பை ரவுட்டரில் கேபிளால் இணைத்துப் பாருங்கள். காலையிலும் இரவு ஒன்பது மணிக்கும் தனித்தனியாகப் பார்த்து நேரத்தோடு குறித்து வையுங்கள். பிறகு அதே நேரத்தில் ஆபீஸ் விபிஎன் (டேட்டாவை மறைத்து வேறு பாதையில் அனுப்பும் இணைப்பு) போட்டும் போடாமலும் பேசிப் பாருங்கள். விபிஎன் போட்டால் ஒவ்வொரு முறையும் சரியாகி, எடுத்தால் ஒவ்வொரு முறையும் திணறினால், ஒன்று, பிராட்பேண்ட் நிறுவனத்திலிருந்து அந்த சர்வருக்குப் போகும் பாதையில் நெரிசல், இல்லையென்றால் வேண்டுமென்றே செய்வது. எது என்று உங்கள் பக்கத்திலிருந்து மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது, ஆனால் புகார் கொடுக்க அது போதும். பிராட்பேண்ட் நிறுவனத்தின் புகார் மையத்தில் கொடுத்து டாக்கெட் எண் வாங்குங்கள். திருப்தி இல்லையென்றால் அவர்களுடைய மேல்முறையீட்டு அதிகாரியிடம் போங்கள். ட்ராய் தனிநபர் புகார்களை எடுத்துக்கொள்வதில்லை. அதற்கு மேல் தொலைத்தொடர்புத் துறையின் குறைதீர்ப்புப் பிரிவுதான். புகாரில் ‘நெட் மெதுவாக இருக்கிறது’ என்று மட்டும் எழுதினால் லைன்மேனை அனுப்பி மூடிவிடுவார்கள். எந்தச் சேவை, எந்தத் தேதி, எந்த நேரம், விபிஎன் இருந்தபோது என்ன, இல்லாதபோது என்ன என்று எழுதுங்கள். அப்படி எழுதிய புகார் நெட்வொர்க் பிரிவின் மேசைக்கு வரும்.